வெளுக்க வைக்கும் கிறீமும் வீட்டில் கதைக்கும் கதையும்: ஓர் அம்மாவின் கேள்விக்கு விரிவான பதில்

யாழ்ப்பாணத்தில் இருந்து நீங்கள் கேட்டது இது. மகளுக்கு 19 வயது, ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாள். பேஸ்புக்கில் விற்கிற ஒரு வெள்ளையாக்கும் கிறீமை ஐந்து மாதமாக இரவில் பூசுகிறாள். டப்பாவில் ஒரு பெயரைத் தவிர ஒன்றும் எழுதியில்லை. இரண்டே கிழமையில் முகம் வெளுத்துவிட்டது. இப்போது மூன்று நாள் பூசாமல் விட்டால் முகம் சிவந்து எரிகிறது, திரும்பப் பூசினால் அடங்குகிறது. நிறுத்தச் சொன்னதற்கு, "அண்ணாக்குப் பொம்பிளை பாக்கேக்க நல்ல வெள்ளைப் பிள்ளையாப் பாருங்கோ எண்டு தரகரிட்டச் சொன்னது நீங்கள் தானே அம்மா" என்று கேட்டிருக்கிறாள். கிறீம் ஆபத்தா, பிள்ளைகளை டிவியும் இன்ஸ்டகிராமும் கெடுக்கின்றனவா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது இன்னும் இரண்டு பதில்கள் என்று நினைக்கிறேன்: இந்தக் கிறீமில் இருந்து முகத்தைப் பழுதாக்காமல் எப்படி வெளியே வருவது, மகள் கேட்டதற்கு என்ன சொல்வது.

தோல் நோய்ச் சிகிச்சை என் தொழில் என்பதால் முதலாவதைத் தயக்கமில்லாமல் சொல்ல முடியும். ஆனாலும் முகத்தைப் பார்க்காமல் எழுதுவதை மருந்துச் சீட்டாக எடுக்க வேண்டாம். இரண்டாவதில் ஆய்வுகள் காட்டுவது எது, என் கருத்து எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் நிறம் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால், அந்த இரண்டு கிழமை ஏன் சந்தேகத்துக்குரியது என்று விளங்கும். நிறத்தைத் தயாரிக்கும் கலங்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்யும் மெலனின் மணிகளின் அளவும் வகையும், மேல்தோலில் அவை பரவிக் கிடக்கும் விதமுமே வேறுபடுகின்றன. அதைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் பல. அவற்றின் வெளிர்நிற வடிவங்களும் கருநிற வடிவங்களும் தெற்காசியா முழுக்கக் கலந்து கிடப்பதால்தான் ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகள் இரண்டு நிறமாக இருக்கிறார்கள். நிறத்தைப் பார்த்துச் சாதியும் குலமும் சொல்லுகிறவர்களுக்கு இதில் ஒரு ஆதாரமும் இல்லை. மேல்தோல் முழுவதும் புதிதாக மாற ஏறக்குறைய நான்கு கிழமை எடுக்கும். முறையாகச் செய்யப்பட்ட ஒரு பூச்சு, உதாரணமாக நியாசினமைட் (விற்றமின் பி3 இன் ஒரு வடிவம்) 4 அல்லது 5 வீதம் கலந்தது, வேலை செய்கிறதா என்று பார்க்கவே எட்டு முதல் பன்னிரண்டு கிழமை வேண்டும். அப்போதும் திட்டுக்கள் கொஞ்சம் மங்கும், பிறந்த நிறம் மாறாது. பதினைந்து நாளில் முகம் வெளுத்தது என்றால் உள்ளே வழக்கமாக மூன்றில் ஒன்று இருக்கும்: கடும் ஸ்டீரொயிட் (அழற்சியை அடக்கும் மருந்து), பாதரசம், அல்லது கூடிய வீதத்தில் ஹைட்ரோகுயினோன் (மெலனின் உண்டாவதைத் தடுக்கும் மருந்து). பல டப்பாக்களில் இவை ஒன்றாகவே கலந்திருக்கும்.

நிறுத்தினால் எரிந்து சிவப்பதும் பூசினால் அடங்குவதும் ஸ்டீரொயிட்டின் அடையாளம். ஸ்டீரொயிட் பூச்சு தோலின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கும். முதல் நாட்களில் தெரியும் வெளுப்பில் ஒரு பகுதி அதனால் வருவது. மாதக்கணக்கில் சுருக்கி வைத்த குழாய்கள், பூச்சு நின்றதும் மட்டில்லாமல் விரிகின்றன. முகம் நெருப்பாக எரிவது அதனால்தான். "கிறீம் இல்லாமல் என்ர முகம் இவ்வளவு மோசம்" என்று பிள்ளை நினைக்கிறாள். அந்த மோசத்தைச் செய்ததே கிறீம் என்று அவளுக்குத் தெரியாது. முகத்தோல் மருந்தை அதிகமாக உறிஞ்சும் என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். 1967 இல் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட்டை வைத்து அளந்தபோது, முன்கையை விட நெற்றி 6 மடங்கும் தாடைக் கோணம் 13 மடங்கும் உறிஞ்சின. குளோபெட்டசோல் 0.05 வீதம் என்பது பூசும் ஸ்டீரொயிட்டுகளில் மிகக் கடுமையான வகுப்பைச் சேர்ந்தது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் குறுகிய காலத்துக்குப் பூச எழுதப்படுவது இந்த டப்பாக்களுக்குள் பெயரில்லாமல் வருகிறது. பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற ஸ்டீரொயிட்டுகளும் அப்படியே வருகின்றன. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், கன்னத்தில் சிவப்பு நரம்புக் கோடுகள் தெரியும், பருக்கள் ஒரே அளவில் கூட்டமாக எழும், மெல்லிய மயிர் முளைக்கும். கண்ணைச் சுற்றிப் பூசினால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம். நம்முடைய வெக்கையில் இன்னொன்றும் நடக்கும். படர்தாமரை மாதிரியான பங்கசுத் தொற்று ஸ்டீரொயிட்டுக்குக் கீழே வளையம் தெரியாமல் பரவிக்கொண்டே இருக்கும், கிறீமை நிறுத்திய பிறகுதான் வெளியே வரும்.

பாதரசம் வேறு வகை. மெலனினைச் செய்யும் நொதியை அது தடுக்கிறது, அதனால் வெளுக்கும். ஆனால் தோலாலும் மூச்சாலும் உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். சிறுநீரில் புரதம் போவதும் அதனால் காலும் முகமும் வீங்குவதும் இந்தக் கிறீம்களால் வருவதாக மருத்துவத்தில் பல தடவை பதிவாகியிருக்கிறது. கை நடுக்கம், நித்திரையின்மை, காரணமில்லாத பதற்றம், விரல் விறைப்பு ஆகியவையும் வரலாம். முகத்தில் ஒன்றும் தெரியாமல் இவை நடக்கும் என்பதுதான் பயங்கரம். பூசியவரின் தலையணை உறையாலும் துவாயாலும் கையாலும் அதே வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் போகும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் உறுப்பு நாடு. அது 2013 இல் ஏற்கப்பட்டு 2017 இல் நடைமுறைக்கு வந்தது. தோல் வெளுப்பாக்கும் பொருட்களில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருந்தால் 2020 க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது என்றது. 2023 இல் அந்த ஒரு பங்குச் சலுகையையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவுமே 2025 உடன் முடிய வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அப்படியிருந்தும் உலகெங்கும் பரிசோதிக்கப்பட்ட டப்பாக்களில் ஆயிரக்கணக்கான பங்குகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

உங்கள் மகளின் டப்பாவில் பாதரசம் இருக்கிறதா என்று ஆய்வுகூடம்தான் சொல்ல முடியும். பொன் மோதிரத்தில் தேய்த்துப் பார்ப்பது, தீயில் காட்டிப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். முதலாவது மோதிரத்தைப் பழுதாக்கும், இரண்டாவது நஞ்சு ஆவியை எழுப்பும். வெளியில் இருந்து பார்க்கக்கூடிய சந்தேகக் குறிகள் சில உண்டு. தயாரித்தவரின் விலாசம், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, சேர்மானப் பட்டியல் இவை இல்லாதது முதலாவது. நகையிலும் வெள்ளியிலும் படவிடாதீர்கள் என்ற எச்சரிக்கை இரண்டாவது, அது பாதரசத்தைக் காட்டிக்கொடுக்கும் வரி. சேர்மானப் பட்டியல் இருந்தால் கலோமெல், மெர்க்கூரஸ் குளோரைட், அமோனியேட்டட் மெர்க்குரி, மெர்க்கூரிக் அயடைட் என்ற பெயர்களில் ஒன்று இருந்தாலே போதும், அதை ஒதுக்கி வைக்க. ஒரு பெரிய கொம்பனியின் பெயர் பொறித்திருப்பதும் பாதுகாப்பு ஆகாது, போலி டப்பாக்கள் தாராளமாக வருகின்றன.

இனி இந்தக் கிழமை என்ன செய்ய வேண்டும் என்று. டப்பாவை எறியாமல் மூடி, ஒரு பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி வையுங்கள். வளவில் குப்பையோடு எரிக்கக் கூடாது. கிணற்றடியில் கழுவி ஊற்றவும் கூடாது. எங்கள் நிலம் சுண்ணக்கல், மேலே ஊற்றியது கீழே நிலத்தடி நீருக்குப் போக அதிக காலம் எடுக்காது. டப்பாவோடு மகளையும் கூட்டிக்கொண்டு தோல் நோய் நிபுணரிடம் போங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் தோல் நோய்க் கிளினிக் இருக்கிறது, கட்டணம் இல்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டித்தான் அங்கே அனுப்புவார்கள். போகும்போது எப்போது தொடங்கினாள், நாளுக்கு எத்தனை தடவை, கழுத்திலும் கையிலும் பூசினாளா, ஏதாவது குளிசை எடுத்தாளா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவளைத் தனியே கதைக்க விடுங்கள். தாய்க்கு முன்னால் வராத விபரங்கள் அப்போது வரும்.

அங்கே நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனைகள்: இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தக் கிரியட்டினின். பாதரசச் சந்தேகம் வலுத்தால் சிறுநீரில் பாதரச அளவும் பார்க்கச் சொல்வார்கள். சிறுநீர் நுரைத்துப் போவது, காலையில் கண் இமை வீங்குவது, கணுக்கால் வீங்குவது, கை நடுங்குவது இவற்றில் ஒன்று இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள். கர்ப்பமாக இருப்பவரும் பால் கொடுப்பவரும் அப்படியே. பாதரசத்தைப் படிப்படியாகக் குறைப்பது என்று ஒன்றில்லை, அன்றே நிறுத்துவதுதான். உள்ளே போனது பாதியாகக் குறைய இரண்டு மாதம் அளவில் எடுக்கும். அவள் பாவித்த தலையணை உறையையும் முகம் துடைக்கும் துவாயையும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

ஸ்டீரொயிட் பக்கம் கொஞ்சம் சிக்கலானது. சிலருக்கு ஒரேயடியாக நிறுத்தி, எரிவைத் தாங்க வேறு மருந்து கொடுப்போம். சிலருக்கு மென்மையான ஹைட்ரோகோர்ட்டிசோன் 1 வீதத்துக்கு மாற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு இரண்டு நாள் விட்டு என்று இறக்குவோம். இதில் வைத்தியர்களிடமே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வளவு கடுமையானதை எவ்வளவு காலம் பூசினாள் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். டப்பாவில் பாதரசமும் இருக்கக்கூடும் என்பதால் அந்தக் கிறீமையே குறைத்துக் குறைத்துப் பூசி நிறுத்தலாம் என்று வீட்டில் முடிவெடுக்காதீர்கள். இறக்குவதானால் தெரிந்த மருந்தால்தான் இறக்க வேண்டும். ஸ்டீரொயிட் இல்லாமல் அழற்சியை அடக்கும் டக்ரோலிமஸ் பூச்சு, பருக் கூட்டத்துக்கு டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் குளிசை ஆகியவையும் எழுதப்படுவதுண்டு. அவற்றைப் பார்மசியில் கேட்டு நீங்களாக வாங்க வேண்டாம். டொக்சிசைக்கிளின் கர்ப்பத்தில் கூடாத மருந்து.

வீட்டில் செய்யக்கூடியது குறைவு, குறைவாகச் செய்வதே நல்லது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியைப் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை போடலாம். மணமில்லாத ஈரப்பூச்சு அல்லது வெறும் வாஸ்லின் மெல்லியதாகப் போதும். முகத்தைக் காலையும் மாலையும் தண்ணீரால் கழுவினால் சரி. தேசிக்காய்ச் சாறு, மஞ்சள், கடலைமா, முல்தானி மட்டி, பற்பசை, முகத்தைத் தேய்க்கும் ஸ்கிரப் இவை எதுவும் இப்போது கிட்ட வரக் கூடாது. தேசிக்காய்ச் சாறு வெயிலோடு சேர்ந்தால் நல்ல தோலையே பொசுக்கிக் கறுப்புத் தழும்பு விடும், மெலிந்த தோலைக் கேட்கவே வேண்டாம். வெளியே போக வேண்டுமென்றால் குடை, அதோடு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள வெயில் பூச்சு. ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியில் இருந்து நுனி வரை பிதுக்கிய அளவுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு வேண்டியது. பெரும்பாலானோர் அதில் கால்வாசியில் இருந்து அரைவாசி வரைதான் பூசுகிறார்கள். வெளியே நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும். இதை நான் சொல்வது வெந்த தோலைக் காப்பாற்றத்தான். கறுக்காமல் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இதைக் கொடுத்தால் பழைய கிறீமின் இடத்தில் புதுக் கிறீம் வந்து உட்காரும்.

மகளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, சொல்லாவிட்டால் பத்தாம் நாள் திரும்பப் பூசுவாள். முதல் இரண்டு மூன்று கிழமை முகம் இப்போதையை விட மோசமாகத்தான் தெரியும். சிவக்கும், பரு போடும், தோல் உரியும். பிறகு நிறம் திரும்பும்போது கொஞ்ச காலம் முன்பிருந்ததை விடக் கருமையாகவும் திட்டுத் திட்டாகவும் தெரியலாம். ஐந்து மாதம் பூசிய முகம் அமைதியாகப் பல கிழமை, சிலருக்குப் பல மாதம் எடுக்கும். பெரும்பாலானோருக்குத் தோல் நன்றாகத் தேறும். தெரிய ஆரம்பித்த நரம்புக் கோடுகள் எல்லாம் மறையும் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன். வாரத்துக்கு ஒரு படம், ஒரே யன்னலடியில், ஒரே நேரத்தில், வடிகட்டி இல்லாமல் எடுத்து வைத்தால், தினம் கண்ணாடியில் தெரியாத முன்னேற்றம் படத்தில் தெரியும்.

இந்த நேரத்தில் யாராவது குளுட்டதயோன் ஊசியைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். அழகு நிலையங்களில் சேலைன் போத்தலோடு ஏற்றப்படுவது. தோலை வெளுப்பாக்க என்று எந்த ஊசி மருந்துக்கும் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்ததில்லை. ஈரலையும் சிறுநீரகத்தையும் பாதித்ததும், உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வந்ததும் பதிவாகியிருக்கின்றன. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை: வேண்டாம்.

இனி டிவியும் இன்ஸ்டகிராமும். ஊடகம் பெண்களின் மனதை மாற்றுகிறது என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு பீஜித் தீவில் நடந்தது. ஒரு மாகாணத்துக்கு 1995 இல்தான் டிவி வந்தது. வந்த புதிதில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளிடம் கேட்டபோது 12.7 வீதத்தினர் சாப்பாடு பற்றிய ஆபத்தான மனநிலையில் இருந்தார்கள். 1998 இல் அது 29.2 வீதம். மெலிவதற்காக வாந்தி எடுப்பவர்கள் முன்பு ஒருவரும் இல்லை, மூன்று வருடத்தில் 11.3 வீதம். உருண்டு திரண்ட உடம்பையே விரும்பிய சமூகத்தில் இது நடந்தது என்பதுதான் எல்லாரையும் திகைக்க வைத்தது. ஆனால் இரண்டு தடவையும் அறுபது சொச்சம் பிள்ளைகளிடம்தான் கேட்டார்கள், இரண்டும் வேறு வேறு பிள்ளைகள், அதே காலத்தில் ஊரில் வேறு மாற்றங்களும் நடந்தன. 2008 இல் 77 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் மெல்லிய உடல்களைக் காட்டும் படங்களுக்கும் தன் உடம்பின் மேல் வெறுப்புக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் அது சிறியதில் இருந்து நடுத்தர அளவுதான். ஏற்கெனவே மனம் நொந்திருப்பவளைத்தான் படம் அதிகம் தாக்குகிறது என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இவை பெரும்பாலும் மேற்கு நாடுகளில் மெலிவை வைத்துச் செய்தவை. நிறத்துக்கும் இது பொருந்தும் என்பது என் ஊகம், வலுவான ஊகம்.

திருத்திய படம் என்று கீழே எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துச் சட்டம் செய்த நாடுகள் உண்டு. பிரான்சில் 2017 முதல் மொடல்களின் உடம்பை மெலிதாக்கியோ பெருப்பித்தோ திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட வேண்டும். பரிசோதனைகளில் அந்த வரி பெரிதாக உதவியதாகத் தெரியவில்லை. பார்க்கிறவள் வரியையும் வாசிக்கிறாள், படத்தோடு தன்னை ஒப்பிட்டும் பார்க்கிறாள். அதனால் "அது எல்லாம் பில்டர் பிள்ளை" என்று நீங்கள் சொல்வது உண்மைதான், மருந்தாகாது. கணக்குகளை மாற்றுவது கொஞ்சம் உதவும்: வெளுப்பாக்கும் பொருள் விற்பவர்களையும் முன்னும் பின்னும் படம் போடுபவர்களையும் அவளே ஒரு நாள் இருந்து நீக்கினால், அந்தச் செயலியே அப்படியானவற்றைக் குறைத்துக் காட்டத் தொடங்கும். போனைப் பறிக்க வேண்டாம், பறித்தால் சிநேகிதியின் போனில் பார்ப்பாள்.

சினிமாவையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டுச் சொல்லவில்லை. ரஜினிகாந்தையும் விஜயகாந்தையும் கொண்டாடிய தமிழ்த் திரை, எண்பதுகளில் சரிதா, அர்ச்சனா மாதிரிச் சிலரைத் தவிர்த்தால் கறுத்த பெண்ணை நாயகியாக வைக்கத் தயங்கியது. வடக்கில் இருந்து வெளுத்த முகத்தைக் கொண்டுவந்து வேறொருத்தியின் குரலைப் பொருத்தியது. ஆணின் திறமையைப் பார்க்கிறோம், பெண்ணின் தோலைப் பார்க்கிறோம் என்பது இதைவிடத் தெளிவாக எங்கே தெரியும்? ஃபெயார் அன்ட் லவ்லி என்ற வெள்ளையாக்கும் கிறீம் இந்தியாவில் 1975 இல் வந்தது. கறுத்த பிள்ளைக்கு வேலையும் மாப்பிள்ளையும் கிடைக்காமல் இருந்து வெளுத்த பிறகு இரண்டும் கிடைப்பதாகப் பல வருடம் விளம்பரம் செய்தார்கள். 2009 இல் சென்னையில் கறுப்பே அழகு என்ற இயக்கம் தொடங்கியது. கறுத்தவர்களை வாழ்க்கையில் தோற்றவர்களாகக் காட்டக் கூடாது என்று 2014 இல் இந்திய விளம்பர ஒழுங்கமைப்பு விதி செய்தது. 2020 இல் ஃபெயார் என்ற சொல்லை எடுத்து குளோ என்று மாற்றினார்கள். அதே வருடம் ஒரு பெரிய இந்தியத் திருமண இணையத்தளம் நிறத்தால் வடிகட்டும் வசதியை எடுத்தது. இவை நடந்தது பெண்கள் விடாமல் கேட்டதால். ஆனால் வடிகட்டியை இணையத்தளம் எடுத்தாலும் எங்கள் தரகரின் கொப்பியில் அது இருக்கிறது.

இங்கேதான் பெண்ணியம் எனக்கு உதவுகிறது. வெள்ளையாக ஆசைப்படுவது மகளின் மனக்கோளாறு என்று பார்த்தால் அவளைத் திருத்தத்தான் தோன்றும். பெண்ணியம் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: அவள் கறுப்பாக இருப்பதற்கு யார் விலை வைக்கிறார்கள், அதை யார் கட்டுகிறார்கள்? யாழ்ப்பாணத்தில் இதற்குப் பதில் எல்லாருக்கும் தெரியும். நிறம் குறைவென்றால் சீதனம் கூட. வீடு, காணி, நகை, காசு என்று பேசும் இடத்தில் பெண்ணின் தோலும் ஒரு வரியாக எழுதப்படுகிறது. அந்தக் கணக்கைப் பத்தொன்பது வயதில் அவள் சரியாகப் போட்டிருக்கிறாள். அப்பாவின் கடனைக் குறைக்க ஒரு டப்பா கிறீம் மலிவு என்று நினைக்கிற பிள்ளையிடம், ஊர் சொல்வதைப் பொருட்படுத்தாதே என்று சொல்வதில் என்ன பயன்? ஊர் சொல்வதற்கு விலை இருக்கிறது என்று அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். வெள்ளைக்காரன் ஆண்டதால் வந்த மோகம் இது என்று பலர் முடித்துவிடுகிறார்கள். காலனி ஆட்சி அதைக் கூட்டியிருக்கும். ஆனால் வெயிலில் வேலை செய்யாத குடும்பம் என்று காட்டிக்கொள்ளும் பெருமை அதற்கு முந்தியதா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. எங்கிருந்து வந்தாலும் இப்போது அதைக் காசாக மாற்றுவது எங்கள் வீட்டு விறாந்தையில் நடக்கிறது.

சாமத்தியவீட்டுக்கும் கலியாணத்துக்கும் செய்கிற அலங்காரத்தையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். முகத்தை இரண்டு படி வெளுப்பான பவுண்டேசனில் மூடி, அல்பத்தில் இன்னும் வெளுப்பாக்கி, கைக்கும் கழுத்துக்கும் முகத்துக்கும் மூன்று நிறம் வைத்து ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் "எவ்வளவு வடிவு" என்கிறோம். உன் நிறத்தில் நீ வடிவில்லை என்பது அன்றைக்கே அவளுக்கு விளங்கிவிடுகிறது. மாற்றுவது கடினமில்லை. அலங்காரம் செய்பவரிடம் முதல்நாளே பகல் வெளிச்சத்தில் தாடை ஓரத்தில் பவுண்டேசனைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், கழுத்தோடு கலந்து காணாமல் போவதுதான் சரியான நிறம். படம் எடுப்பவரிடம் முற்பணம் கொடுக்கும்போதே நிறம் மாற்றக் கூடாது என்று சொல்லி, பற்றுச்சீட்டிலும் எழுதுவியுங்கள். நேரடி ஃபிளாஷ் கறுத்த தோலைச் சாம்பலாகக் காட்டும். ஃபிளாஷை மேல் சுவரிலோ வெள்ளைக் குடையிலோ பட்டுத் திரும்ப விட்டு, முகத்துக்கு வெளிச்சத்தை அளந்து எடுத்தால் தோல் அதன் நிறத்திலேயே பளபளக்கும்.

வீட்டில் கதைக்கும் விதத்துக்கு வருகிறேன். தாய் தகப்பன், சகோதரங்கள் தோற்றத்தைப் பற்றிச் சொல்லும் சொற்கள் பிள்ளையின் உடல் வெறுப்போடு தொடர்புடையவை என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. படத்தை விட இதை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. "வெயிலுக்க போகாத, கறுத்திடுவாய்" என்பதை "தொப்பியப் போட்டுக்கொண்டு போ, தலையிடிக்கும்" என்று மாற்றலாம். "நிறம் குறைவெண்டாலும் முகவெட்டு வடிவு" என்பது பாராட்டு மாதிரி வரும் அடி, அதை விட்டுவிடுங்கள். வெளிநாட்டில் இருந்து வந்த பெரியம்மா முதல் பார்வையிலேயே "ஏனடி கறுத்துப்போனாய், மெலிஞ்சுபோனாய்" என்று தொடங்குவார். அவர் வர முதலே போன் எடுத்து, "அக்கா, பிள்ளைக்கு முகத்தில வருத்தம், மருந்து போகுது, அதைப் பற்றி ஒண்டும் கேக்காதேங்கோ" என்று சொல்லி வையுங்கள். கறுப்புத்தான் வடிவு என்று நாளுக்குப் பத்துத் தடவை சொல்வதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதுவும் அவள் எப்படியாவது வடிவாக இருந்தே ஆக வேண்டும் என்ற இடத்தில்தான் அவளை நிறுத்துகிறது. முகத்தைப் பற்றிய பேச்சே குறையட்டும், ஏ.எல். பெறுபேறு வரும் வரை என்ன படிக்கப் போகிறாள், என்ன செய்ய விருப்பம் என்பது கூடட்டும். கண்ணாடி முன்னால் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றால், முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு வெளியே போகாமல் விட்டால், சாப்பாட்டைத் தவிர்த்தால், மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனால் அது தோல் வைத்தியரோடு முடிகிற விடயம் இல்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். கிறீம் விற்றவரைப் பற்றி முறையிட பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. டப்பாவும் காசு அனுப்பிய பற்றுச்சீட்டும் அவர்களின் பேஸ்புக் பதிவின் படமும் கையில் இருந்தால்தான் முறைப்பாடு நிற்கும்.

கடைசியாக மகள் கேட்டது. அவள் கேட்டது சரி. அதை அவளிடம் நேரே ஒத்துக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்ல வேண்டாம். பிறகு தரகருக்குப் போன் எடுத்து, மகனுக்குக் கொடுத்த குறிப்பில் நிறம் பற்றிய சொல்லை வெட்டச் சொல்லுங்கள். படிப்பு, வேலை, குணம், பொருத்தம் என்று மற்றது எல்லாம் இருக்கட்டும். இலண்டனிலோ கனடாவிலோ இருக்கிற மகனிடமும் இதைக் கதையுங்கள், பல வீடுகளில் பெடியன் கேட்காததைத் தாய்மார் கேட்கிறார்கள், சில வீடுகளில் அவனே கேட்டுவிட்டுத் தாயைச் சொல்ல வைக்கிறான். மகளின் குறிப்பை எழுதும் காலம் வந்தால் அதிலும் "பொது நிறம்" என்ற வரி வேண்டாம், வடிகட்டி போட்ட படமும் வேண்டாம். "பிள்ளை என்ன நிறம்?" என்று தரகர் கேட்பார். "படம் தந்திருக்கிறம், நேரிலயும் வந்து பாக்கட்டும், நிறத்துக்கு எண்டு சீதனம் பேச மாட்டம்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று சம்பந்தம் அதோடு தட்டிப்போகலாம். போகிறவை எப்படிப்பட்டவை என்பதை மகளோடு இருந்து கதையுங்கள், அவள் கேட்கும்படியாகவே தரகரோடும் கதையுங்கள்.